அந்தக் காசு யாரு பேர்ல எழுதுவாங்க?

2025 டிசம்பர் 16. கம்பஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வீடுன்னா வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துல, எட்டுக் காம்பரா லயத்துல மூணாவது காம்பரா. எங்க லயத்துல சிக்னல் கிடைக்கிறது வாசப்படியில மட்டும்தான். நானும் தம்பியும் பக்கத்துக் காம்பரா பொடியன்கள் ரெண்டு பேரும் அந்தப் படியில குந்திக்கிட்டு, ஒரே போன்ல ஐ.பி.எல். ஏலம் பார்த்துக்கிட்டிருந்தோம். அபுதாபியில நடந்த ஏலம். மதீஷ பத்திரண பேர் வந்ததும் எல்லாரும் கத்தினோம். கண்டிக்காரப் பொடியன், ட்ரினிட்டியில படிச்சவன், எங்களுக்கு அடுத்த மாவட்டம். சென்னை அவரை விடுவிச்சிருந்துச்சு. கொல்கத்தா 18 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்துச்சு.

தாத்தா உள்ள இருந்து என்ன சத்தம்னு கேட்டார். தம்பி விளக்கினான்: "சென்னைக்காரன் விட்டுட்டான் தாத்தா. கல்கத்தாக்காரன் 18 கோடி குடுத்து எடுத்துட்டான்."

தாத்தா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுக் கேட்டார்: "சரி, அந்தக் காச யாரு பேர்ல எழுதுவாங்க?"

"அவன் பேர்லதான். அவனுக்குத்தானே சம்பளம்."

"சம்பளமாவா? கடனா இல்லையா?"

நாங்க சிரிச்சோம். தாத்தா சிரிக்கல. அன்னைக்கு ராத்திரி அவர் தன்னோட அப்பா சொன்ன "துண்டு" கதையைச் சொன்னப்போதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வின்னு எனக்குப் புரிஞ்சுது. அதுக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தூரம் போகணும், அமெரிக்கா வரைக்கும். ஒருத்தன் ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குப் போகும்போது பழைய முதலாளிக்கு என்ன உரிமை இருக்குங்கிற கேள்விக்கு, எனக்குத் தெரிஞ்சு விளையாட்டு உலகத்துல ரொம்ப விவரமா பதில் எழுதி வச்சிருக்கிறவங்க அங்க இருக்கிற என்.பி.ஏ. கூடைப்பந்துக்காரங்க.

ஒத்துக்கிறேன், எங்க பக்கம் கூடைப்பந்து கிடையாது. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல இருந்தது வலைப்பந்துக் கம்பம் ரெண்டு, அதுல ஒண்ணு சாஞ்சது. என்.பி.ஏ. எனக்கு அறிமுகமானது கம்பஸ் போர்டிங்ல, கூட்டாளி ஒருத்தனோட லெப்டொப் கேம் வழியா. அந்தக் கேம்ல ஒரு வீரரை எடுக்கப் போனா பேருக்குப் பக்கத்துல "ரெஸ்ட்ரிக்டட்"னு ஒரு அடையாளம் வரும். காசு குடுத்தாலும் வரமாட்டான். ஏன்னு தேடப் போய்த்தான் இதுக்குள்ள விழுந்தேன்.

விஷயம் இப்படி. என்.பி.ஏ.க்கு வர்ற புதுப் பையன் எந்த அணிக்கு விளையாடுறதுன்னு அவன் முடிவு பண்றதில்ல. டிராஃப்ட்னு ஒண்ணு நடக்கும், அணிகள் வரிசையா வந்து ஆளைத் தெரிவு செய்யும். முதல் சுற்றுல தெரிவானவனுக்குச் சம்பளமும் ஏற்கனவே அட்டவணை போட்டு வச்சதுதான். ஒப்பந்தம் மொத்தம் நாலு வருஷம். அதுல கடைசி ரெண்டு வருஷம் வச்சுக்கிறதா வேண்டாமான்னு அணிதான் சொல்லும். இந்த நாலு வருஷத்துல அவன் உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சாலும் சம்பளம் அந்த அட்டவணைப்படிதான்.

நாலு வருஷம் முடிஞ்சதும் விடுதலைன்னு நினைப்போம். அங்கதான் கயிறு இருக்கு. ஜூன் மாசக் கடைசிக்குள்ள பழைய அணி அவனுக்குக் குவாலிஃபையிங் ஒஃபர்னு ஒரு வருஷச் சம்பளம் ஒண்ணைக் கடுதாசியில எழுதிக் குடுத்துட்டாப் போதும், அவன் "மட்டுப்படுத்தப்பட்ட" சுதந்திர வீரர் ஆயிடுவான். அவன் வெளிய போய் வேற அணிகிட்டப் பேசலாம். அந்த அணி இத்தனை வருஷம், இவ்வளவு காசுன்னு எழுதி ஒஃபர் ஷீட்ல கையெழுத்தும் போடலாம். ஆனா அந்தக் கடுதாசி முதல்ல போறது பழைய அணிக்கு. "அதே காசை நாங்களே தர்றோம்"னு அவங்க சொல்லிட்டா அவன் திரும்பி வந்தாகணும். வரமாட்டேன்னு சொல்ல முடியாது. யோசிக்கிறதுக்கு ஒரு காலத்துல பழைய அணிக்கு ஒரு வாரத்துக்கும் மேல அவகாசம் இருந்துச்சு. ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் குறைஞ்சு இப்ப ஓரிரு நாள்ல வந்து நிக்குது.

2022ல டியாண்ட்ரே ஏட்டனுக்கு இதுதான் நடந்துச்சு. 2018 டிராஃப்ட்ல முதல் ஆளா ஃபீனிக்ஸ் எடுத்த பையன். 2021ல அணி இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு. அப்பவும் புது ஒப்பந்தம் குடுக்காம ஃபீனிக்ஸ் இழுத்தடிச்சுச்சு. 2022 ஜூலையில இண்டியானா 4 வருஷத்துக்குச் சுமார் 13 கோடி 30 இலட்சம் டொலருக்கு ஒஃபர் ஷீட் எழுதுச்சு. ஃபீனிக்ஸ் அன்னைக்கே ஈடு குடுத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டுச்சு. தானா குடுக்க மனசில்லாத காசை அடுத்தவன் குடுக்க வந்ததும் குடுத்தாங்க. அவரோட விலையைச் சொல்ல ஒரு வெளி ஆள் வரவேண்டியிருந்துச்சு. அடுத்த வருஷமே, 2023 செப்டெம்பர்ல, அவரைப் போர்ட்லண்டுக்கு மாத்தியும் விட்டாங்க.

ஜெரமி லின் கதை வேற மாதிரி. 2012 பெப்ரவரியில யாருக்கும் தெரியாத ஒரு ஆள், டிராஃப்ட்ல எந்த அணியும் எடுக்காத ஆள், நியூயோர்க்கையே ஆட வச்சார். அந்த ஜூலையில ஹூஸ்டன் 3 வருஷத்துக்குச் சுமார் 2 கோடி 51 இலட்சம் டொலருக்கு எழுதுச்சு. அதுல ஒரு கெட்டித்தனம் இருந்துச்சு. முதல் ரெண்டு வருஷமும் ஏறக்குறைய 50 இலட்சம்தான், மூணாவது வருஷம் மட்டும் ஒரேயடியா ஏறி ஒன்றரைக் கோடிக்குக் கிட்டப் போகும். ஏற்கனவே சம்பளப் பட்டியல் வீங்கியிருந்த நியூயோர்க், அந்த மூணாவது வருஷ வரியை நினைச்சுப் பயந்து விட்டுடுச்சு. பழைய அணிக்கு எங்க வலிக்கும்னு பார்த்து எழுதினாத்தான் கயிறு அறுபடும்.

இந்த ரெண்டு கதையும் பார்த்தா, சரிதானே, ஒண்ணுல காசு கிடைச்சிருக்கு, இன்னொண்ணுல காசும் இடமும் கிடைச்சிருக்கு, யாருக்கு என்ன நஷ்டம்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா இந்த விதியோட பெரிய வேலை நம்ம கண்ணுக்குத் தெரியாம நடக்குது. ஒஃபர் ஷீட் எழுதின அணி, பதில் வர்ற வரைக்கும் அந்தக் காசை ஒதுக்கி வச்சுட்டுக் காத்திருக்கணும். அதுக்குள்ள சந்தையில வேற நல்ல ஆளுங்க போயிடுவாங்க. கடைசியில "நாங்களே வச்சுக்கிறோம்"னு பதில் வந்தா ரெண்டும் போச்சு. அதனால நிறைய அணிங்க எழுதவே எழுதாது. பழைய அணிக்கு அது தெரியும். வெளியில இருந்து யாரும் கேட்கமாட்டான்னு தெரிஞ்சா, உள்ள எதுக்குக் கூட்டிக் குடுக்கணும்?

2025 கோடைக்காலம் அதுக்குச் சரியான சாட்சி. ஜொஷ் கிடி, ஜொனதன் குமிங்கா, குவென்டின் கிரைம்ஸ், கேம் தோமஸ்னு நாலு இளம் ஆளுங்க ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தொங்கிக்கிட்டே இருந்தாங்க. கேம் தோமஸ் கடைசியில ஏறக்குறைய 60 இலட்சம் டொலர் குவாலிஃபையிங் ஒஃபர்ல ஒரே வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கிரைம்ஸும் அப்படித்தான். அவங்களுக்குக் கேட்டது கிடைக்கல. ஆனா அந்தக் கடுதாசியிலேயே ஒரு வாசல் இருக்கு. அந்த ஒரு வருஷத்தை ஆடி முடிச்சுட்டா அடுத்த கோடையில எந்தக் கயிறும் இல்ல, முழு விடுதலை. அந்த வருஷத்துக்குள்ள அவங்க சம்மதம் இல்லாம வேற அணிக்கு மாத்தவும் முடியாது. 2014ல டெட்ரொய்ட்ல கிரெக் மன்ரோ இந்த வழியைத்தான் எடுத்தார். குறைஞ்ச காசுக்கு ஒரு வருஷம் ஆடிட்டு 2015ல மில்வாக்கிக்குப் போயிட்டார். அதுக்குத் துணிச்சல் வேணும், ஏன்னா அந்த ஒரு வருஷத்துல கால் உடைஞ்சா எல்லாம் முடிஞ்சுது. ஆனா வாசல்னு ஒண்ணு இருக்கு, அது எந்தத் தேதியில திறக்கும்னும் எழுதியிருக்கு.

அந்த வாசலை யாரும் சும்மா திறந்து விடல. முந்தி அங்க ஒரு அணி ஒரு வீரரை எடுத்துட்டா அவர் விளையாட்டை விடுற வரைக்கும் அந்த அணியோட ஆள். வீரர்கள் சங்கம் 1954லயே தொடங்கியாச்சு, ஆனா முதலாளிங்க மதிக்கல. 1964ல பொஸ்டன்ல நட்சத்திர ஆட்டத்துக்கு முன்னாடி, ஓய்வூதியத்துக்கு உறுதி சொன்னாத்தான் வெளிய வருவோம்னு வீரர்கள் உடை மாத்துற அறைக்குள்ளேயே உட்கார்ந்துட்டாங்க. டி.வி.க்காரங்க வெளிய காத்துக்கிட்டு நிக்கிறாங்க. அன்னைக்குத்தான் பேச்சு எடுபட்டுச்சு. 1970ல சங்கத் தலைவரா இருந்த ஒஸ்கார் ரொபர்ட்சன் பேர்ல வழக்குப் போட்டாங்க, 1976ல சமரசம் வந்துச்சு. அதுக்கப்புறமும் பல வருஷம் பழைய அணிக்கு ஈடு குடுத்து வச்சுக்கிற உரிமை இருந்துச்சு. 1988லதான் டொம் சேம்பர்ஸ் எந்தக் கயிறும் இல்லாம சியாட்டில்ல இருந்து ஃபீனிக்ஸுக்குப் போன முதல் ஆள் ஆனார். இன்னைக்கு இளம் வீரர்கள் மேல மட்டும் மிச்சம் இருக்கிற கயிறு, ஒரு காலத்துல எல்லாருக்கும் இருந்ததோட நுனி.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். ஐ.பி.எல்.லயும் இதே கயிறு இருக்கு. பேரு "ரைட் டு மெட்ச்", சுருக்கமா ஆர்.டி.எம். 2018 பெரிய ஏலத்துல எல்லா ரசிகர்களுக்கும் பழக்கமான அட்டை அது. வேற அணி ஒருத்தரைக் கடைசி விலைக்கு எடுத்ததும் பழைய அணி அட்டையைத் தூக்கிக் காட்டும். அதே விலை, ஆள் எங்களுக்கு. போட்டி போட்டு விலையை ஏத்தினவன் வெறுங்கையோட உட்காருவான். ரவிச்சந்திரன் அஸ்வின் இந்த முறை வீரருக்கு நியாயமில்லைன்னு வெளிப்படையாவே பேசியிருக்கார்.

2024 நவம்பர்ல ஜெட்டாவுல நடந்த ஏலத்துல விதியைக் கொஞ்சம் மாத்தினாங்க. பழைய அணி அட்டையைக் காட்டினா, எடுக்க வந்த அணிக்கு விலையை இன்னும் ஒரு தடவை எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்னு ஒரு வாய்ப்பு. பழைய அணி அந்தப் புது விலையைக் குடுத்தாத்தான் ஆள் கிடைப்பார். அர்ஷ்தீப் சிங்கை ஹைதராபாத் 15.75 கோடிக்கு எடுத்துச்சு. பஞ்சாப் அட்டையைக் காட்டுச்சு. ஹைதராபாத் 18 கோடிக்கு ஏத்துச்சு, பஞ்சாப் 18ஐயும் குடுத்து வச்சுக்கிட்டுச்சு. ரச்சின் ரவீந்திராவுக்கு 3.2 கோடி 4 கோடி ஆச்சு, சென்னை குடுத்துச்சு. ரிஷப் பன்ட்டுக்கு 20.75ல டெல்லி கை தூக்குச்சு. லக்னோ நேரா 27 கோடின்னு சொன்னதும் டெல்லி கையைக் கீழ போட்டுருச்சு. ஒரே ஒரு வரி மாத்தினதுல அர்ஷ்தீப்புக்கு ரெண்டே கால் கோடி கூடுதலா வந்துச்சு. இதை வாசிக்கிறவங்க கவனிக்கணும்: விதியில ஒரு வரி எங்க நிக்குதுங்கிறதுதான் காசு யாரு பக்கம் போகும்னு முடிவு பண்ணுது.

இப்ப பத்திரணவைப் பாருங்க. 2022ல அடம் மில்ன் காயப்பட்டதால மாற்று ஆளா சென்னைக்குப் போனார், விலை 20 இலட்சம். 2023ல 12 ஆட்டத்துல 19 விக்கெட், அணிக்குக் கிண்ணம். 2024லயும் அதே 20 இலட்சம்தான். அந்த அணிக்குக் கடைசி ஓவர்களைப் போட்டுக் குடுத்தவருக்கு அந்த அணியிலேயே இருந்த பெரிய பெயர்களோட சம்பளத்துல ஒரு சின்னப் பங்குதான். அந்த வருஷக் கடைசியில 13 கோடிக்குத் தக்க வச்சுக்கிட்டாங்க. அதாவது 65 மடங்கு. ஒரு வருஷத்துல அவரோட கை 65 மடங்கு நல்லாயிடல. அது வரைக்கும் வெளியில இருந்து யாரும் விலை கேட்க வழியில்லாம இருந்துச்சு, அவ்வளவுதான். அமெரிக்கக் கூடைப்பந்துக்காரனுக்கு நாலு வருஷ அட்டவணை செய்யிற வேலையை நம்ம கண்டிப் பொடியனுக்கு மூணு வருஷக் காத்திருப்பு செஞ்சுச்சு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. என்.பி.ஏ. விதி ஒவ்வொண்ணும் வீரர்கள் சங்கமும் முதலாளிகளும் மேசையில எதிரெதிரா உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டது. அந்தச் சங்கம் இளம் ஆளுங்களை விட்டுக் குடுத்து மூத்தவங்களுக்கு வாங்கியிருக்குன்னு திட்டலாம், நான் திட்டுறேன். ஆனா திட்டுறதுக்கு ஒரு சங்கம் இருக்கு. ஐ.பி.எல்.ல இப்ப ஆடிக்கிட்டிருக்கிற வீரர்கள் சார்பா அப்படி மேசைக்கு வர யாரும் இல்ல. விதியைச் சபை அறிவிக்கும், வீரர்கள் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். நம்ம வீரருக்கு அதுக்கு மேல இலங்கை கிரிக்கெட்டோட ஆட்சேபனையில்லைச் சான்றிதழ் வேற வேணும். ஓய்வு பெற்றவர்கூட ஆறு மாசம் கழிச்சுத்தான் வெளிநாட்டு லீக்குக்குச் சான்றிதழ் வாங்கலாம்னு 2022 ஜனவரியில ஒரு விதி போட்டாங்க.

கடுதாசி இல்லாம வெளிய போக முடியாது. இங்கதான் தாத்தா.

அவங்க அப்பா காலத்துக்கும் முன்னாடி நடந்தது. கங்காணி திருச்சி, சேலம், மதுரைப் பக்கம் இருந்து ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வருவார். வழிச்செலவு, முன்பணம், அரிசி எல்லாம் கடனா ஏறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே ஆள் கடன்காரன். சொல்லாமக் கொள்ளாம விட்டுப் போனா 1865 சட்டப்படி மறியல். வேற தோட்டத்துக்குப் போகணும்னா துரை ஒரு துண்டு எழுதிக் குடுப்பார். இந்தக் கங்காணியும் இந்த ஆளுங்களும் இத்தனை ரூபா கடன், அதைக் கட்டுறவர் இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். கங்காணி அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டுத் தோட்டம் தோட்டமாப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை காசைக் கட்டி எடுப்பார்.

நான் இதைக் கேட்டதும் ஒஃபர் ஷீட்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு கடுதாசி, ஒரு விலை, ரெண்டு முதலாளி, நடுவுல ஒரு ஆள். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல றப்பர் தோட்டங்களும் பெருகி ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ துரைமார் போட்டி போட்டுக்கிட்டுக் கூடுதல் முன்பணம் குடுத்தாங்க. சந்தை சூடாச்சு. பொருளாதாரம் படிக்கிறவன் சொல்லுவான், ஆளுக்குப் போட்டி வந்தா ஆளுக்கு விலை கூடும், அவன் வாழ்க்கை நல்லாயிடும்னு.

விலை கூடுச்சு. ஆனா அந்தக் காசு கங்காணி கையில போச்சு, கணக்கு மட்டும் ஆளுங்க பேர்ல கடனா ஏறுச்சு. எத்தனை தோட்டம் மாறினாங்களோ அத்தனை தடவை கடன் வளர்ந்துச்சு. அர்ஷ்தீப்புக்காக ஏலம் சூடானா அர்ஷ்தீப்புக்குச் சம்பளம். எங்க பாட்டன் பூட்டனுக்காக ஏலம் சூடானப்போ அவங்களுக்குக் கிடைச்சது இன்னும் பெரிய கடன். அதனாலதான் 18 கோடின்னதும் தாத்தா பயந்தார். "யாரு பேர்ல எழுதுவாங்க"ங்கிறது இந்த மலையில தலைமுறை தலைமுறையாக் கேட்ட கேள்வி.

துண்டு முறையை 1921ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க. வேலையை விட்டா மறியல்ங்கிற சட்டத்துக்கு எதிரா பொன்னம்பலம் அருணாசலம் போன்றவங்க அந்தக் காலத்துல போராடினாங்க. ஆனாலும் தாத்தா இளந்தாரியா இருந்தப்போகூட, தோட்டத்தை விட்டு நிப்பாட்டினா பத்துச்சீட்டு குடுத்து அனுப்புவாங்களாம். அது இல்லாம அடுத்த தோட்டத்துல பேர் பதிய முடியாது. இப்பவும் அவர் டிஸ்பென்சரிச் சீட்டைக்கூடத் "துண்டு"ன்னுதான் சொல்றார்.

இப்ப, பழைய அணி பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லணும். மில்வாக்கி, ஒக்லஹோமா மாதிரிச் சின்ன ஊர் அணி ஒரு பையனை 19 வயசுல எடுத்து, தோல்வியைப் பொறுத்துக்கிட்டு நாலு வருஷம் வளர்க்குது. வளர்ந்ததும் லொஸ் ஏஞ்சலிஸ் வந்து தூக்கிட்டுப் போனா யாரு இனிமே வளர்ப்பா? இந்த வாதத்தை நான் தள்ளிவிடல. விளையாட்டுல எல்லா ஊரும் ஜெயிக்க வாய்ப்பு இருந்தாத்தான் பார்க்க ஆள் இருக்கும். ஆனா "நாங்கதான் செலவு பண்ணிக் கொண்டு வந்தோம்"ங்கிற இதே வசனத்தைத்தான் துரைமாரும் சொன்னாங்க. வசனம் ஒண்ணா இருக்கும்போது ஆளைப் பார்க்காம ஒப்பந்தத்தைத்தான் பார்க்கணும். கட்டி வைக்கிற உரிமை ஒண்ணு இருக்குன்னா, அது முடியிற தேதி எழுதியிருக்கா? போட்டியால கூடுற காசு கட்டுப்பட்டவன் கைக்குப் போகுதா? அந்த விதியை எழுதும்போது அவன் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தாங்களா? என்.பி.ஏ.க்கு மூணுக்கும் ஆம்னு சொல்லலாம், குறையோட. ஐ.பி.எல்.லுக்கு ரெண்டாவதுக்கு ஆம், மூணாவதுக்கு இல்ல. துண்டுக்கு மூணுமே இல்ல.

இதெல்லாம் கோடீஸ்வரன் கதை, நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. என் மாமா பையன் ஓ.எல். எழுதிட்டுக் கொழும்புல ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். சேர்ந்த அன்னைக்கே முதலாளி ஐ.டி. கார்டை வாங்கி லாச்சியில வச்சுக்கிட்டார், முதல் மாசச் சம்பளத்தையும் நிப்பாட்டி வச்சுட்டார். ஒரு வருஷம் கழிச்சு அதே தெருவுல இன்னொரு கடைக்காரர் 8,000 ரூபா கூட்டித் தர்றேன்னு கூப்பிட்டார். இவன் போய்ச் சொன்னதும் பழைய முதலாளி சொன்னாராம்: "அவன் தர்றத நானே தர்றேன், நில்லு." இவன் நின்னான். நாலு மாசமாச்சு, அந்த 8,000 வரல. ஐ.டி.யும் வரல. ஃபீனிக்ஸ் ஏட்டனைப் பிடிச்சு வச்சது கடுதாசியில, முழுக் காசோட. எங்க பொடியனைப் பிடிச்சு வச்சது வெறும் வாயால.

தோட்டத்துலயும் பாருங்க. 2021ல நாள் சம்பளம் 1,000 ஆச்சு, 2024ல 1,350 ஆச்சு. ரெண்டும் வர்த்தமானியில வந்தது. ஆள் இல்ல, ஆள் இல்லன்னு எல்லாக் கம்பனியும் சொல்லுது. ஆனா "அந்தத் தோட்டத்தை விட நாங்க நூறு ரூபா கூட்டித் தர்றோம், இங்க வாங்க"ன்னு எங்க அம்மாகிட்ட யாரும் வந்து கேட்டதில்ல. கேட்டாலும் அம்மா போக முடியாது, ஏன்னா காம்பரா இந்தத் தோட்டத்தோடது. எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் தோட்டத்துல பேர் போட்டுக்கிட்டிருந்தாத்தான் கூரையைப் பத்திப் பயமில்லாமத் தூங்கலாம்னு அம்மா நினைக்கிறாங்க. நான் கம்பஸ்ல இருக்கேன், தம்பி ஏ.எல். படிக்கிறான், அதனால அம்மா இன்னும் கூடையை இறக்கல. காணி உறுதி கையில இல்லாத வரைக்கும் இந்தக் கயிறுக்கு முடிவுத் தேதி கிடையாது. சம்பள உயர்வு கேட்கிற அதே குரல்ல வீட்டுக் காணியையும் கேட்கணும்னு நான் சொல்றது இதனாலதான். சம்பளம் கூடினா அம்மா இங்கேயே கொஞ்சம் நல்லா இருப்பாங்க. காணி இருந்தா, வேண்டாம்னு சொல்லவும் முடியும்.

இதை வாசிக்கிற உங்கள்ல நிறையப் பேர் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ எதுலயாவது கையெழுத்துப் போடப் போறீங்க. கடை, கார்மன்ட், கோல் சென்டர், வெளிநாட்டு ஏஜன்சி, ஏதாவது. சம்பளத்தை மட்டும் பார்த்துட்டுப் போட்டுடாதீங்க. எப்ப விடலாம், விட்டா யாரு யாருக்குக் கட்டணும், என் கடுதாசி யாரு கையில இருக்கும்னு கேளுங்க. 23 வயசுல கையெழுத்துப் போட்ட கேம் தோமஸுக்கு ஏஜன்ட் இருந்தார், சங்கம் இருந்துச்சு. நமக்குக் கேட்கிறதுக்கு நம்ம வாய்தான் இருக்கு, ரெண்டு பேராச் சேர்ந்து கேட்டா இன்னும் நல்லது.

போன கிழமை மாமா பையன் போன் பண்ணினான். அடுத்த மாசம் ஐ.டி. குடுக்கலன்னா தொலைஞ்சுபோச்சுன்னு பொலிஸ்ல ஒரு முறைப்பாடு எழுதிட்டு வந்துடுவானாம், ஊர்ல புதுசு எடுத்துக்கலாமாம். தொலையல, கடை லாச்சியில இருக்குன்னு உள்ளதையே எழுது, நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன். தாத்தா பக்கத்துல இருந்து போனைப் பிடுங்கிக் கேட்டார்:

"ஏன்டா, உன் பேர்ல அங்க எவ்வளவு எழுதியிருக்கான்?"